யாரும் ஏறாத வண்டி

இன்றைக்கு நகரிப் பக்கம் அந்தக் கட்சிக்குக் கொடி கட்ட ஆள் தேட வேண்டும். ஒரு காலத்தில் சென்னை ராஜ்யத்தையும் ஆந்திராவையும் அதுதான் ஆண்டது. சின்னம் ரெட்டைமாடு. ஊருக்கெல்லாம் அது சின்னம். தணிகாசலத்துக்கோ அது தன் கொட்டகையில் நின்ற சொந்த ஜோடி.

எலெக்‌ஷன் வந்தால் மாடுகளின் கொம்புக்கு மூவர்ணம் பூசி, ஊர் ஜனத்தை வண்டியில் ஏற்றி ஓட்டுச்சாவடிக்கு அழைத்துப்போவார். வண்டி கொள்ளாது. மீதிப் பேர் பேசிச் சிரித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார்கள். மாட்டுப் படம் ஒட்டின பெட்டியில் ஓட்டைப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். கட்சியிடம் அவர் ஒரு டீக்குக்கூடக் கை நீட்டியதில்லை. அப்படி ஒரு பைத்தியம் அந்த மனுஷனுக்கு.

ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவும் அதோடு போனது. இனிமேல் கோர்ட்டு, பட்டா, பள்ளிக்கூடம் எல்லாம் தெலுங்கில்தானா என்று தமிழ் ஊர்கள் பதறின. புத்தூரில் ரயிலை மறிக்க இளவட்டங்கள் கிளம்பின. முன்னால் நின்றவன் எத்திராஜ், தணிகாசலத்தின் மனைவி அம்சவேணிக்குத் தம்பி. தணிகாசலம் வண்டியைக் குறுக்கே விட்டுத் தடுத்தார்.

"அங்கயும் நம்ம கட்சி, இங்கயும் நம்ம கட்சி. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறதுக்கு எதுக்குடா ரயில மறிக்கணும்? நம்ம ஊர சென்னைப் பக்கம் சேக்கறது என் பொறுப்பு. என்ன நம்பு."

நம்பினார்கள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் தடியடி பட்டு ஜெயிலுக்குப் போக, இந்த ஊர் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சில வருஷம் கழித்து இரண்டு ராஜ்யத்துக்கும் எல்லை பிரித்தபோது ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போனது. இந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. தணிகாசலம் திருப்பதிக்கு நடையாய் நடந்தார். அங்கிருந்த ஜில்லாக் கட்சித் தலைவர் வேதாச்சலம், "சூஸ்தாம் லே, பாக்கலாம்" என்று பாதித் தெலுங்கில் சொல்லி அனுப்பிவைத்தார்.

ஊரில் யாரும் தணிகாசலத்தைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த எலெக்‌ஷன் அன்று காலையில் வழக்கம்போல வண்டியைக் கோயில் முன்னால் நிறுத்தினார். ஜனமும் வந்தது. பெண்கள் மாடுகளுக்குக் கழுநீர் வைத்தார்கள், நெற்றியில் குங்குமம் இட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வண்டியைத் தாண்டி நடந்துபோனார்கள். ஒருத்தரும் ஏறவில்லை. அம்சவேணியும் தலையைக் குனிந்துகொண்டு அவர்களோடு போனாள்.

எத்திராஜ் மட்டும் நின்றான்.

"மாடுங்க மேல எங்களுக்குக் கோவமில்ல மாமா. உன் மேலயும் இல்ல. நீ சொன்னேன்னுதான் அன்னிக்கி சும்மா இருந்தோம். அதுதான் ஆறல."

காலி வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு போனார் தணிகாசலம்.

கடைசியில் கட்சிதான் ஜெயித்தது. திருப்பதியில் வேதாச்சலத்துக்கு மாலைமேல் மாலை விழுந்தது. கூட்டத்தை முண்டிக்கொண்டு போன தணிகாசலம், ஊர் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று சொல்லி அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டார். வேதாச்சலம் அவர் தோளைத் தட்டினார். கெட்ட மனுஷர் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அட, உங்க ஊரு ஓட்டு இல்லாமயே கெலிச்சிட்டோமே. நீ எதுக்குப்பா கலங்கற?"

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எங்க ஊர எதுக்குங்க புடிச்சி வச்சிக்கினீங்க?"

வேதாச்சலம் அடுத்த மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.