சிங்கத்தின் பின்கால்கள்

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு ஆசை வந்தது. சீனப் புத்தாண்டன்று தெருவில் ஆடும் சிங்கத்துக்கு நான் பின்கால்களாக இருக்க வேண்டும்.

அந்தச் சிங்கத்துக்குள் இரண்டு பேர். முன்னால் நிற்பவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கண்ணையும் வாயையும் ஆட்டுவான். பின்னால் இருப்பவன் முதுகை வளைத்து, முன்னவனின் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி துணிக்குள்ளேயே இருப்பான். தெரு முழுவதும் சிங்கத்தைப் பார்க்கும், அவனை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். கடையில் பாண் வாங்கப் போனால் எனக்குப் பின்னால் வந்தவர்களையும் முன்னால் விட்டுவிட்டு நிற்கிறவன் நான். எனக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருந்திருக்காது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றபின் பல வேலைகள் செய்து, கடைசியில் பத்து வருடம் கப்பல் குசினியில் வெங்காயம் வெட்டிவிட்டு மெல்பேணில் இறங்கியிருந்தேன். லிட்டில் பேர்க் வீதியில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அங்கே தலைமைச் சமையற்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஞாயிறு காலையில் கடைக்கு மேலேயுள்ள மண்டபத்தில் சமையற்காரர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் குங்ஃபூ பழக்கினார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது கால்வாசி ஆங்கிலம்தான். அவர் பேசியதை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

அவர் முதலில் கவனித்தது என் கால்களை. ஒருநாள் சவர்க்கார நுரை கொட்டிய தரையில் நான் கோப்பைகள் நிறைந்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நூடுல்ஸ் போடுகிறவர் வழுக்கி என்மேல் வந்து மோதினார். அவர் விழுந்தார். நான் அசையவில்லை. கோப்பைகளும் சத்தம் போடவில்லை.

"எங்கை பழகினனீ?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பழகேல்லை. கப்பல். ஆட்டத்திலை கத்தியோடை நிக்க வேணும்."

அவர் சிரித்தார். "இப்பிடி நிக்கிறதுக்கு நாங்கள் ஒரு வருசம் பழக்கிறம். உனக்குக் கடல் சும்மா பழக்கியிருக்கு. ஞாயிற்றுக்கிழமை மேலை வா."

மேல் மண்டபத்துச் சுவரில் ஐந்து படங்கள் இருந்தன. பெயர்களை நான் எழுதினால் பிழையாகிவிடும், அதனால் எழுதவில்லை. முதலாவது தாடிக்காரர், கோட்டோவியம். அடுத்தவர் பகலில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு மாலையில் வித்தை பழக்கியவராம். மூன்றாமவர் ஊர் ஊராகப் போய், சவால் விட்டவர்களை மேடையில் வென்றவராம். நான்காவது, குங்ஃபூப் படங்களில் நடித்து உலகம் முழுக்கப் பெயர் பெற்ற அந்தச் சினிமா நடிகர். அவர் இறந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. மெல்பேண் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் அவருடைய முகம் இருந்த காலம் அது.

அந்த நான்காவது படத்தால் குசினியில் நாளும் சண்டை.

"சினிமாக்காரனை ஏன் பெரியவையோடை மாட்டி வைச்சிருக்கிறீர்?" என்பார் நூடுல்ஸ்காரர்.

"முந்தி இந்தத் தெருவிலை வெள்ளைக்காரப் பெடியள் என்ரை தொப்பியைத் தட்டிப்போட்டு ஓடுவாங்கள்," என்பார் மாஸ்டர். "இப்ப என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தாலை போறாங்கள். அது ஆராலை? உம்மடை தாடிக்காரராலையோ?"

நூடுல்ஸ்காரர் சட்டியைக் கிளறப் போய்விடுவார். அடுத்த நாள் திரும்பவும் கேட்பார்.

கிளேட்டனில் நான் இருந்த வீட்டில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவரும் இருந்தார். அந்த நடிகரின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். நான் குங்ஃபூவுக்குப் போகிறேன் என்றதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அண்ணை, ஓடு உடைக்கிறியளோ? பலகை?"

"இல்லை. நிக்கிறம்."

"நிக்கிறியளோ? எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்."

"கிளேட்டன் பஸ்சுக்கு நாளும் அவ்வளவு நேரம் நிக்கிறியள்தானே! இதுக்கேன் சீனரிட்டைப் போவான்?"

ஐந்தாவது படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெற்று மார்போடு, நீளக் கம்பு பிடித்து நிற்கும் ஒல்லியான வாலிபர். கீழே பழைய பத்திரிகைத் துண்டு ஒன்று. கம்படியில் அவருடைய நகரத்திலேயே அவரை வெல்ல ஆளில்லை என்று அதில் இருக்கிறதாம். அவர் மட்டும் உயிரோடு இருந்தார். லிட்டில் பேர்க் வீதி முடிவில் கருவாடும் காய்ந்த காளானும் விற்கிற கிழவர் அவர்தான் என்று தெரிய எனக்கு ஆறு மாதம் எடுத்தது. அதுவரை அவரிடம் செத்தல் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தேன். பேசமாட்டார். கடதாசியில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டுவார். நான் வலது கையால் வாங்குவேன்.

இரண்டாவது வருட முடிவில், பின்கால்களாக இருந்தவர் சிட்னிக்குப் போய்விட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்து, "நீ," என்றார். அன்று ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தை விட்டு இரண்டு நிலையம் தள்ளிப் போய்விட்டேன்.

ஒரு நிபந்தனை இருந்தது. புத்தாண்டுக் காலையில் சிங்கத்துக்குள் போகிறவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து படங்களுக்கும் கிழவருக்கும் வணக்கம் செலுத்த வேண்டும். அவர் சம்மதித்தால்தான் உள்ளே போகலாம்.

அவர்களுடைய வணக்கத்தில் ஒரு கையை முட்டியாக மடக்கி, மற்றக் கையால் அதை மூடி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக் குனிய வேண்டும். இரண்டு வருடம் கடைசி வரிசையில் நின்று அதைச் செய்திருக்கிறேன். ஆனால் முதல் நாளே ஒன்றை எனக்குள் மாற்றிக்கொண்டேன். அவர்கள் இடது கையை மேலே வைத்தார்கள். பெரியவர்களுக்கு முன்னால் இடது கையைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இடது கையை முட்டியாக்கி, வலது கையால் மறைத்துக்கொண்டேன். மரியாதை என்று நினைத்தேன். கடைசி வரிசையை ஒருவரும் பார்க்கவில்லை.

மெல்பேணில் புத்தாண்டு கோடையில் வரும்; அன்று காலையில் பாலைவனத்து வடக்குக் காற்று அடித்து மண்டபம் அடுப்பு மாதிரி இருந்தது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். என் முறை வந்தது. படங்களுக்கு முன்னால் குனிந்தேன். திரும்பிக் கிழவருக்கும் குனிந்தேன். நிமிர்ந்தபோது மேளக்காரரின் கை நின்றிருந்தது. ஒரு தாய் தன் பிள்ளையைப் பின்னால் இழுத்தாள்.

மாஸ்டர் என் காதருகே வந்தார். "ஆம்பிளையளுக்கு இடக்கை மேலை இருக்க வேணும். வலக்கை மேலை வைக்கிறது சாவீட்டிலை. நீ வருசப்பிறப்பிலை உயிரோடை நிக்கிற மனுசனுக்குச் சாவீட்டு வணக்கம் போட்டிட்டாய்."

"மற்ற நாலு பேருக்கும் சரிதானே," என்றார் நூடுல்ஸ்காரர். யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள்.

கிழவர் ஏதோ சொன்னார். மாஸ்டர் எனக்குச் சொன்னார்: "இந்த அறையிலை அவையும் சாகேல்லையாம். உன்னை உள்ளை விட வேண்டாமாம்."

வேறு நாளென்றால் நான் சத்தமில்லாமல் படியிறங்கிப் போய்க் கோப்பை கழுவியிருப்பேன். கால்கூடத் திரும்பிவிட்டது. ஆனால் சிங்கத்தின் வால்துணி என் காலடியில் விரிந்து கிடந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. அதைப் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

"எங்கடை ஊரிலை இது ஊத்தைக் கை," என்று இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "பெரியவைக்குக் காட்டக் கூடாது. அதுதான் ஒளிச்சனான்."

மாஸ்டர் சீனத்தில் சொன்னார். கிழவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் ஊத்தை எண்டு கேக்கிறார்."

அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. மண்டபம் நிறைய ஆட்கள். வலது கையால் வாளியிலிருந்து தண்ணீரை மொள்வதுபோல் மொண்டு, சற்றே குந்தி, இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினேன்.

அந்தச் சிரிப்பு கீழே தெருவுக்கும் கேட்டிருக்கும். மேளக்காரர் மேளத்தின்மேல் சாய்ந்துவிட்டார். கிழவர் சிரிக்கவில்லை, வாயோரம் மட்டும் ஒருமுறை இழுத்தது. வாசலைக் காட்டினார்.

"வெளியிலை போய்த் துப்பிப்போட்டு வந்து திருப்பிச் செய்யட்டாம்," என்றார் மாஸ்டர். "கெட்ட சொல்லோ சகுனமோ வந்தால் நாங்கள் அப்பிடித்தான் கழிக்கிறது."

இதை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணூறு நாவூறுக்கு எங்கள் வீட்டிலும் துப்புவதுதான். படியிறங்கி லிட்டில் பேர்க் வீதி ஓரத்தில் மூன்று தரம் துப்பினேன். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். மேலே வந்து, இடது கையை மேலே வைத்துக் குனிந்தேன். சட்டை போடாமல் நிற்பதுபோல் இருந்தது.

கிழவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எழுந்து தன் கடைக்குப் போய்விட்டார்.

"நட," என்றார் மாஸ்டர். "கடைசியாய் அவரின்ரை கடைக்குத்தான் போறம். கதவைத் திறந்தால் நீ எங்கடை பின்கால். திறக்காட்டி அதோடை சரி."

துணிக்குள் வெக்கை. எனக்குத் தெரிந்தது தரை மட்டும்: வெடித்தாளின் சிவப்புத் துண்டுகள், சப்பாத்துகள், பிள்ளைகளின் வெறுங்கால்கள். கடை கடையாக ஆடினோம். கருவாட்டு மணம் வந்ததும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. வளைந்தபடியே ஓரத்தால் பார்த்தேன். கதவின் அடிப்பலகை தெரிந்தது. பூட்டியிருந்தது.

மேளம் மாறியது. சிங்கம் மூன்று தரம் வணங்கியது. மூன்றாவது தரம் என் முழங்கால் சுடுகல்லில் பட்டு எரிந்தது. நான் எழும்பவில்லை.

பலகை அசைந்தது. கறுப்புத் துணிச் சப்பாத்து இரண்டு வெளியே வந்தன. வழக்கப்படி வாசலுக்கு மேலே சிங்கத்துக்கென்று கட்டியிருந்த கீரையைச் சிங்கம் தின்று துப்ப, இலைகள் எங்கள்மேல் விழுந்தன. சப்பாத்துகள் சிங்கத்தின் தலையைத் தாண்டி என் பக்கமாக நடந்து வந்து நின்றன. துணி உயர்ந்தது.

கிழவர் குனிந்து பார்த்தார். இரண்டு கையாலும் செம்மஞ்சள் நிறத் தோடம்பழம் ஒன்றைப் பிடித்திருந்தார். நான் பட்டியை விட்டு வலது கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார். இடது கையையும் கொண்டுவந்தேன். பழத்தை வைத்துவிட்டுத் துணியை மூடினார்.

கிளேட்டன் தம்பியும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். திரும்பும்போது ரயிலில், "அண்ணை, வடிவாய்ப் பார்த்தனான், உங்களை மட்டும் காணேல்லை," என்றார்.

"ஓம்," என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பழத்தை உரித்துப் பாதியை அவரிடம் நீட்டினேன்.

"என்ன அண்ணை, ரெண்டு கையாலை? நான் என்ன உங்களுக்குக் குருவோ?"

பழம் கொஞ்சம் புளிப்பு. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புத்தாண்டிலும் பின்கால்கள் நான்தான்.