சாப்பாட்டுக்கு முன்

என் வேலை என்னவென்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அம்பத்தூரில் எங்கள் கம்பெனி டாக்டர்களுக்கென்றே ஒரு சின்னக் கணினி மொழி செய்கிறது. எந்த நோயாளிக்கு எப்போது என்ன மருந்து என்ற விதிகளை டாக்டரே அதில் எழுதிவிடலாம், நடுவில் புரோகிராமர் வேண்டாம். எழுதியது நர்ஸுக்கும் புரிய வேண்டும் என்பதால் சொற்களெல்லாம் தமிழ். டாக்டர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பதுதான் என் வேலை. வாயைத் திறக்கக் கூடாது. உதவினால் சோதனை கெட்டுவிடும். சின்ன வயதிலிருந்தே வாயாடி என்று பேர் எடுத்தவளுக்குச் சம்பளம் கொடுத்து வாயை மூடி வைத்திருக்கிறார்கள்.

பூந்தமல்லியில் ஒரு நடுத்தர மருத்துவமனை. அங்கே சர்க்கரை நோய் பார்க்கும் டாக்டரம்மா தடுமாறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சர்க்கரை இவ்வளவுக்கு மேல் என்றால் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் என்று விறுவிறுவென்று அடித்தார். பிழை இல்லை என்று திரையில் பச்சை டிக் விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன்.

"சாப்பிடலைன்னா, மேடம்?"

"சாப்பிடாதவங்களுக்கு எந்த நர்ஸ்மா ஊசி போடுவா? என்னைக் கூப்பிடுவாங்க."

அதைப் போய் எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் மனிதர்களோடு வேலை பார்த்தவர். எங்கள் மொழிக்கோ 'சாப்பாட்டுக்கு முன்' என்றால் டிபன் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவ்வளவுதான். தட்டில் இருக்கும் இட்லி வயிற்றுக்குள் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆபீஸில் சொன்னேன். "டாக்டர் எழுதாததை நாம எழுதினா, நாமளே வைத்தியம் பண்ற மாதிரி ஆயிடும்" என்றார் மேனேஜர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விதியை அப்படியே விட்டுவிட்டோம்.

அந்த வாரமே அப்பாவுக்குக் காலில் புண் பழுத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டி ரிட்டையரானவர், பழைய சர்க்கரைக்காரர். தெரிந்த டாக்டர் என்று அதே மருத்துவமனையில் சேர்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து அதே மாடியில் எங்கள் மொழி நிஜ நோயாளிகளுக்கு ஓடப்போகிறது என்று தெரிந்தேதான் சேர்த்தேன். வேறு இடம் பார்த்திருக்கலாமே என்று ஞாயிறு முழுக்க மனசு அடித்துக்கொண்டது. அப்படியானால் மற்றவர்களின் அப்பாக்களுக்கு மட்டும் நம் சரக்கைக் கொடுக்கலாமா என்று இன்னொரு பக்கம் குத்தியது.

திங்கள் காலை வார்டில் உட்கார்ந்து பார்க்க ஆபீஸ் என்னையே அனுப்பியது. நர்ஸ் பருத்திப்பட்டு ஊர்ப் பெண், வேலைக்குப் புதுசு. அவள் கையிலிருந்த டேப்லெட் கணினி மணி அடித்தது. அப்பாவின் பெயருக்கு நேரே 'இன்சுலின் போடவும்' என்று வந்தது. போட்டாள். பிறகு டிபன் தட்டு வந்தது. அப்பா அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இன்னிக்கு அமாவாசம்மா. காக்காவுக்கு வெக்காம நான் எப்டி துண்றது?"

அமாவாசை என்றால், காக்கை வந்து தொடும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டார். நான் மறந்தே போயிருந்தேன். ஆபீஸ் காலண்டரில் அமாவாசை ஏது? இன்சுலின் உள்ளே போயாகிவிட்டது. பின்னாலேயே சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும், ஆளே மயங்கி விழலாம்.

"நைனா, ஊசி போட்டாச்சு. ஒரு வாய் சாப்ட்ரு."

"ஊசி போட்டா இன்னா? எங்கப்பனுக்கு வெக்காம என்னிய துண்ண சொல்றியா?"

நர்ஸ் முகம் வெளுத்துவிட்டது. "டேப்லெட்டு போடச் சொல்லுச்சுக்கா" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். வானகரம் டிராஃபிக்கில் மாட்டியிருந்தார். "குளுக்கோஸ் வாயால குடுக்கச் சொல்லு, மாட்டேன்னா டிரிப்ஸ் ஏத்தச் சொல்லு" என்றார். குளுக்கோஸ் கரைத்த டம்ளரை அப்பா தொடவில்லை. நர்ஸ் டிரிப்ஸ் பாட்டிலை எடுத்து வருவதற்குள் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. சர்க்கரை இறங்குகிறதா, வெறும் புழுக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தார்கள், அங்கே காக்கைக்கு வைக்க வழியில்லை. ஓர் இட்லியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினேன். டீக்கடைப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டு நர்ஸுக்கு வீடியோ கால் போட்டு, அப்பாவிடம் காட்டச் சொன்னேன். மற்ற நாளில் கையிலிருக்கும் வடையையே பிடுங்கும் காக்கைகள் அன்றைக்கு ஒயரில் உட்கார்ந்து யோசித்தன. கா, கா என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கடைசியில் ஒன்று இறங்கி ஒரு கொத்து கொத்தியது.

"பாத்தியா நைனா?"

"பாத்தேன், பாத்தேன்."

நர்ஸ் நீட்டிய டம்ளரை வாங்கி அப்பா குளுக்கோஸைக் குடிப்பது திரையில் தெரிந்தது. நான் அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டேன்.

டாக்டரம்மா வந்தபோது அப்பா இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவர் நாடியைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், பிறகு டேப்லெட்டை வாங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். 'சாப்பிடவில்லை என்றால் ஊசி போடாதே, என்னைக் கூப்பிடு' என்று அடித்தார். சிவப்புக் கோடு விழுந்தது. கீழே, 'என்னை: இந்தச் சொல் தெரியாது' என்று வந்தது.

"என்னைன்னா நான்தானேம்மா?" என்றார்.

மருந்துக்கு, அளவுக்கு, நேரத்துக்கு எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருந்தோம். கூப்பிட ஓர் ஆள் வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்தார். அதே வாக்கியத்தைப் பேனாவால் எழுதி, தன் போன் நம்பரையும் போட்டு, டேப்லெட்டின் நெற்றியில் ஒட்டினார். நர்ஸ் அதை வாய்விட்டு ஒரு தடவை படித்தாள்.

மதியம் மறுபடி மணி அடித்தது. நர்ஸ் ஊசியைக் கையில் எடுக்கவில்லை.

"இப்ப சாப்புடுவீங்களா தாத்தா?" என்று அப்பாவிடம் கேட்டாள். பிறகு பக்கத்துக் கட்டிலுக்குப் போய் அங்கேயும் கேட்டாள்.