நல்ல தண்ணீரில் கழுவிய லாரி

எங்களைப் பெற்ற அய்யா அந்த மினி லாரியை வாங்கியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அண்ணன் ஓட்டினார். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். மீன் பெட்டிகளை ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. அய்யா இறந்த பிறகும் அதே ஏற்பாடுதான். மண்டபத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கும் திரும்பவும், இருபத்திரண்டு வருடம் அந்த இருக்கையிலேயே போய் வந்தேன். அந்தப் பக்கத்துக் கதவின் கண்ணாடி பாதியில் நின்றுபோயிருந்தது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. மழைக் காலத்தில் என் இடது தோள் மட்டும் நனைந்துகொண்டே வரும்.

ஓட்ட ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. சில வருடங்களுக்கு முன் அந்த விதியை எடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். கரையில் வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறிப் போய் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். உடன் ஓட்டிப் பழகியவர்களுக்கு என் மகள் வயது இருக்கும். லைசென்ஸ் தபாலில் வந்தபோதுதான் என் மனைவிக்கே விஷயம் தெரிந்தது.

போன வருடம் அண்ணன் புது வண்டி எடுத்தார். பழையதைக் காயலான் கடைக்குப் பேசிவிட்டதாகச் சாப்பிடும்போது சொன்னார்.

"அத எனக்குக் குடுண்ணே" என்றேன்.

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். எனக்கு அவரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

"ஏலே, அடியில ஒண்ணுமே இல்லடா. ஐஸ் தண்ணி எறங்கி எறங்கிச் சேஸ் பூரா துரு. வார மார்கழியில எஃப்.சி. முடியுது. பிரேக் இன்ஸ்பெக்டர் சுத்தியல வச்சு ரெண்டு தட்டுத் தட்டுனா உதிந்துரும்."

"உதிராமப் பாத்துக்கிறேன்."

"அதுல என்னத்த ஏத்தப் போற?"

"வைக்கோல்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் யோசித்து வைத்திருந்தேன். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் அறுப்பு முடிந்தால் வைக்கோல் கிடைக்கும். எங்கள் கடற்கரை ஊர்களில் மாடு வைத்திருப்பவர்கள் அதற்கு அலைகிறார்கள். வைக்கோல் காய்ந்த சரக்கு. அடியில் சொட்டாது.

"சரி, மார்கழிக்குள்ள எஃப்.சி. வாங்கிரு" என்றார் அண்ணன். "இல்லாட்டி காயலான் கடைக்காரன் வந்து தூக்கிட்டுப் போவான். அப்பறம் எங்கிட்ட மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கக் கூடாது."

முதலில் இடது பக்கக் கண்ணாடியைச் சரி செய்தேன். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்தேன். பிறகு பின்பக்கப் பாடியைக் கழற்றி இறக்கினேன். தரைத் தகடு அப்பளம் போல உடைந்தது. அதற்குப் பதிலாக, கரையில் உடைத்துப் போட்டிருந்த பழைய வள்ளத்தின் பலகைகளை வாங்கி வந்து அறுத்தேன். பக்கங்களுக்கு வைக்கோல் நிற்கும்படி ஆள் உயரத்துக்குச் சட்டம் அடித்தேன்.

வெல்டிங் வேலைக்கு வந்தவர் மண்டபம் முகாமில் இருப்பவர். இலங்கையிலிருந்து சின்ன வயதில் வந்தவர். சேஸில் ஓட்டை விழுந்த இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். நான் மிச்சத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். மல்லாந்து படுத்துத் தேய்க்க வேண்டும், தூள் கண்ணில் விழும். இருபது நாள் தேய்த்து, நன்றாகக் கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்து, அதன் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். புரட்டாசி வெயிலில் பளபளவென்று இருந்தது. அண்ணன் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் குறை சொல்லாததே எனக்குப் போதும்.

இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. சேஸ் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகப் பெயின்ட் எழும்பியது. விரலால் அழுத்தினால் பிதுங்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெல்டரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் ஆணியால் ஒரு கொப்புளத்தைக் குத்தினார். வந்த நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"என்னண்ணை, எந்தத் தண்ணியில கழுவினனீங்கள்?"

"வீட்டுப் போர்த் தண்ணிதான்."

"பிறகென்ன. உப்பை உள்ளுக்க வச்சு மேல பெயின்ட் அடிச்சிருக்கிறியள்."

எங்கள் ஊரில் போர்த் தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, வண்டி கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். குடிக்க நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குவோம். வண்டியை நல்ல தண்ணீரில் கழுவலாம் என்ற நினைப்பு எங்கள் ஊரில் யாருக்கும் வராது. எனக்கும் வரவில்லை.

"மேல பட்டி பூசி மறைச்சிரலாமா?" என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"மறைக்கலாம். மார்கழி வரைக்கும் நிக்கும். பங்குனியில நீங்கள் வைக்கோலோட றோட்டில நிப்பியள்."

மறுநாளே திரும்பவும் வண்டிக்கு அடியில் போனேன். அடித்த பெயின்டை எல்லாம் சுரண்டினேன். மனைவி ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "இத வேணா எடுத்துக்கங்க. ஆனா இதுல டயர்கூட நனையாதே" என்றாள். சரிதான். சேஸை இரண்டு மூன்று முறை அலச வேண்டும் என்று வெல்டர் சொல்லியிருந்தார். ஊருணியில் வண்டியை இறக்கினால் ஊரே அடிக்க வரும்.

வானத்திலிருந்து வரும் தண்ணீரில் உப்பு இல்லை என்பது ஐப்பசி முதல் மழையில் கூரைத் தகட்டின் கீழ் நின்றபோது தோன்றியது. அண்ணன் பழைய மீன் பெட்டிகள் முப்பதைத் தூக்கிப் போட வைத்திருந்தார். உப்பும் நாற்றமும் போகும்வரை மழையிலேயே அவற்றைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அடுத்த மழைக்கு நிமிர்த்தி வீட்டைச் சுற்றி வரிசையாக வைத்தேன். பெட்டி நிறைந்ததும் டிரம்மில் ஊற்றுவேன்.

டீக்கடையில் அதுதான் பேச்சாக இருந்தது. முறையில் எனக்கு மச்சான் ஆகிற ஒருவர் நான் வருவதைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"என்ன மாப்ள, லாரிக்கு நல்ல தண்ணிக் குளியலாமே. எண்ணெ தேச்சு விட்டியா?"

"சாம்பிராணிப் புகை போடச் சொல்லுங்க. சளி புடிச்சுக்கிரும்" என்றார் டீ ஆற்றியவர்.

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அன்றைக்கும் மழை பெய்தது. நாலு பெட்டி கூடுதலாக வைத்தேன்.

கார்த்திகையில் மழை ஐந்தாறு நாள் விட்டது. மூன்று முறை அலசினேன். கடைசி அலசலில் சொட்டிய தண்ணீரை நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். இரும்பு வாடை இருந்தது, உப்பு இல்லை. துணியால் துடைத்து, வெயிலில் விட்டு, மறுபடி துரு பிடிக்குமுன் அன்று மாலைக்குள் பிரைமர் அடித்து முடித்தேன். பிறகு பெயின்ட். அதன் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் அடியில் படுத்துத் தடவிப் பார்ப்பேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். எழும்பவில்லை.

மார்கழியில் எஃப்.சி.க்காக ராமநாதபுரம் போனோம். ஆர்.சி. புத்தகம் அண்ணன் பெயரில் இருந்ததால் அவரும் வந்தார். போகும்போது அவரே ஓட்டினார். "இன்னைக்கு நான் ஓட்டுறேன்டா" என்றார். நான் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு அடியில் குனிந்தார். சுத்தியலால் தட்டினார். அண்ணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒவ்வொரு தட்டையும் எண்ணினேன். பதினொன்று. எல்லாம் ஒரே மாதிரி கணீரென்று கேட்டது.

"மீன் வண்டியா இது?" என்றார் அவர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது.

"முன்னாடி மீன் சார். இனிமே வைக்கோல்."

அவர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு கதவில் புதிதாக மாட்டியிருந்த கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி இறங்கியது. ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

"இது எப்ப ரிப்பேர் ஆச்சு?"

"வாங்குன ரெண்டாவது வருசம்."

"அன்னையிலருந்தா?"

"ம்."

"சொல்லியிருக்கலாம்லடா."

நான் வண்டியைக் கிளப்பி, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, கியரைப் போட்டேன். அண்ணன் ஊர் வரும்வரை கண்ணாடியை ஏற்றவில்லை.