சோறு போட்டு வளர்த்த கொலைகாரன்

சிலுவை அண்ணாச்சியின் வாடகை சைக்கிள் கடைக்குப் போகிறவர்கள் அவருக்கு வலது பக்கமாகத்தான் நிற்க வேண்டும். இடது காது கேட்காது. அது ஊருக்கே தெரியும். பிடிக்காத ஆள் யாராவது வந்தால் அண்ணாச்சி மெல்லத் திரும்பி அந்த இடது காதைக் கொடுத்துவிடுவார் என்பது சிலருக்குத்தான் தெரியும். வந்தவர் தொண்டை வறளப் பேசிவிட்டுப் போவார். அண்ணாச்சி பாட்டுக்குச் சக்கரத்தில் பெண்டு எடுத்துக்கொண்டிருப்பார்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து, லாரிகளின் இரைச்சல் பீச் ரோட்டை நிறைத்திருந்த காலம். பீச் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அந்தக் கடை. முன்பக்கம் சைக்கிள்கள், பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவே, ஒரு மர பெஞ்சின் மேல், கடல் இருந்தது.

கடல் என்றுதான் சொல்ல வேண்டும். தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, தோணிகளுக்கு அடைக்கிற குங்கிலியக் கலவையால் இடுக்குகளை அடைத்து, அவரே செய்த தொட்டி. முயல் தீவுப் பக்கம் போய்த் தகர டின்னில் அள்ளி வந்த கடல் தண்ணீர், சலித்த மணல், ஓட்டை விழுந்த பாறைத் துண்டுகள். மீன்கள் மூச்சுவிடக் காற்று வேண்டுமே, அதற்கு அவர் கண்ட வழியைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ஒரு பழைய லாரி டியூபில் கை பம்பால் காற்றை நிரப்பி, அதன் வாயில் சைக்கிள் வால் டியூபைச் செருகி, நுனியை நூலால் இறுக்கித் தண்ணீருக்குள் விட்டிருந்தார். குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். டியூப் சுருங்கினால் மறுபடி அடிக்க வேண்டும்.

அந்த லாரி டியூபைக் கொடுத்தவர் ராமர். உப்பு லாரி ஓட்டுகிறவர். சுமை ஏற்ற நேரமாகும் நாட்களில் கடையில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு காலத்தில் அண்ணாச்சி சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தரைக்குப் போய் மணலில் சங்கு தேடிய ஆள். காது போன பிறகு, தண்ணீருக்குள் தலையை விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையை விடாவிட்டாலும் ஆகவில்லை. தோணியில் கால் வைத்தாலே உலகம் சுழன்றது. சைக்கிளில் ஏறினாலும் அப்படியே. சைக்கிள் கடை வைத்திருக்கிறவர் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நடப்பார். கடலுக்குப் போக முடியாதவர் கடலில் ஒரு கை அள்ளி வந்து வீட்டில் வைத்துக்கொண்டார். அந்தக் கண்ணாடி முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர் மாதிரி இருக்கும்.

காது போன கதைக்கு வருகிறேன். எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தோணியில் அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலி அறுவதைப் பார்க்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்கிற கணக்கு. கல்யாணம் ஆகாதவன் என்றால் தாய்மாமன் பிடிப்பான். சிலுவையின் கயிற்றை அவர் மனைவி அமலோற்பவத்தின் தம்பி மரியான் பிடித்தான். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி முழுக்கப் பாட்டும் கூத்துமாகக் கண் மூடாமல் இருந்துவிட்டு, மறுநாள் காலையில் தோணி ஏறினான். கீழே அண்ணாச்சியின் காதுக்குள் ஏதோ வெடித்தது. கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தார். மேலே மரியான், கயிற்றைக் கையில் பிடித்தபடியே, உறங்கிக்கொண்டிருந்தான்.

எப்படியோ அவரே மேலே வந்தார். மூக்கிலும் காதிலும் ரத்தம். அன்றோடு மச்சினனோடு பேச்சு நின்றது. "என் வீட்டு வாசல்ல அவன் நிழல் விழக் கூடாது. நீயும் அங்கன போகக் கூடாது" என்று மனைவியிடம் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது நான்கே தெரு. ஆறேழு வருஷமாக அந்த நான்கு தெருவும் ஒரு கடல்போல அகன்று கிடந்தது.

தொட்டிக்கு அந்த இறாலைக் கொண்டு வந்தவன் அவர்கள் மகன் பவுல், இருபது வயதுக்காரன். பாறை இடுக்கில் பிடித்தது. விரல் நீளம்தான். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. உடம்பைவிட நீண்ட வெள்ளை மீசைகள். முன்னால் இரண்டு பெரிய இடுக்கிக் கைகள். அந்தக் கைகளை அகல விரித்துக்கொண்டு பாறைக்கு அடியில் அசையாமல் நிற்கும். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ராமர் அரை நாள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

இரண்டாம் வாரம் ராமர்தான் முதலில் கண்டார்.

"அண்ணாச்சி, அந்த நீல மீன் குஞ்சைக் காணலியே."

"கல்லுக்குப் பின்னால இருக்கும்."

"கல்லுக்குப் பின்னால இல்ல. அங்கன பாரும், அவன் கையில இருக்கு."

இறால் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ஒண்ணுந்தெரியாத மாதிரி நிக்கிறதைப் பாத்தியளா" என்று ராமர் சிரித்தார். "உம்ம மச்சினன் தோணியில நின்ன மாதிரியே இருக்கு."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அமலோற்பவத்தின் கை நின்றது. அண்ணாச்சி ராமருக்கு இடது காதைக் கொடுத்தார்.

இறாலைத் தூக்கி எறியச் சொல்லாதவர் இல்லை. அண்ணாச்சி எறியவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அதன் குணத்தைக் கற்றுக்கொண்டார். பசி வந்தால்தான் அது மீனைத் தேடியது. அதனால் காலையில் முதல் தீனி அதற்குத்தான். மட்டிச் சிப்பியின் சதையை ஈர்க்குச்சி நுனியில் குத்திக் கையருகே நீட்டுவார். அது வாங்கிக்கொள்ளும். உடைந்த சட்டித் துண்டுகளைப் போட்டு மீன்களுக்கு ஒதுங்க இடம் செய்தார். மிகச் சிறிய மீன்களைத் தொட்டியில் விடுவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு கொலை குறைந்தது. நின்றது என்று சொல்ல முடியாது. நோயில் தளர்ந்த மீன் ஏதாவது அதன் பக்கம் போனால் திரும்பி வராது.

ஒரு காலை, அவர் ஈர்க்குச்சியோடு குனிந்திருந்தபோது அமலோற்பவம் பின்னால் வந்து நின்றாள். வலது பக்கமாகவே நின்றாள்.

"கொலைகாரனுக்கு உக்காந்து சோறு ஊட்டுதிய. என் தம்பிக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க மனசு வரல."

"அது இறாலு. அதுக்குத் தெரிஞ்சது அதான். மனுசன் அப்படியா?"

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சங்கு குளிக்கும் பருவம் தொடங்க இருந்த வாரத்தில்தான் பவுல் அந்தப் பேச்சை எடுத்தான்.

"யப்பா, சங்கு குளிக்க நான் தோணிக்குப் பேர் கொடுத்துட்டேன்."

அண்ணாச்சியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணமே சுருங்கியது. "கயிறு யாரு பிடிக்கா?"

"மாமாதான். இன்னும் கேக்கல, கேக்கணும்."

"எந்த மாமா?"

"எனக்கு எத்தனை மாமா இருக்கு?"

அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "கூலிக்கு ஆள் வச்சுக்க."

"கூலிக்கு வந்தவன் சாயங்காலம் கூலி வாங்கிட்டுப் போயிருவான். நான் மேல வந்தாலும் வராட்டாலும் அவனுக்கு அது வேலைதான். வழக்கம் தெரியாதா உங்களுக்கு?"

"வழக்கம் எனக்கு என்ன கொடுத்துச்சுன்னு இந்தக் காதைக் கேளு. அவன் கையில என் மகன் கயிறு போகாது. போச்சுன்னா நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டாம்."

பவுல் அப்பாவின் கோபத்தையும் உடம்பையும் சேர்த்தே வாங்கிப் பிறந்தவன். "மாமா வரலேன்னா யார் கயிறும் வேண்டாம். கட்டாமலே இறங்குறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். கதவருகே நின்ற தாய் ஜெபமாலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, ஒரு பக்கம் கூடப்பிறந்தவன், நடுவில் கட்டியவர். மூன்று பேரில் யாரைக் குறை சொல்லி அவள் அழுவாள்?

பிறகு அந்த வீட்டில் சட்டி வைக்கும் சத்தம்தான் கேட்டது. பருவம் தொடங்கும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

அப்படி ஒரு காலையில் ராமர் தொட்டி முன் நின்று கூப்பிட்டார். "அண்ணாச்சி, உம்ம கொலைகாரன் செத்துட்டான்."

மணலின் மேல் இறால் மல்லாந்து கிடந்தது. பட்டைகள், மீசைகள், இரண்டு கைகள், எல்லாம் அப்படியே. அண்ணாச்சி கையை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் எடையே இல்லை.

"சாகல. சட்டையைக் கழத்திப் போட்டிருக்கு" என்றார். "நண்டு கழத்துத மாதிரி."

"அப்போ ஆளு எங்க?"

அண்ணாச்சி குனிந்து தேடினார். மூலையில், சட்டித் துண்டின் கீழே, அது ஒடுங்கிக் கிடந்தது. பட்டைகள் வெளிறிப்போய், உடம்பு ஜவ்வுபோல் துவண்டிருந்தது. அதைச் சுற்றி மீன்கள். இத்தனை நாள் அதன் நிழலைக் கண்டாலே ஓடிய மஞ்சள் பட்டை மீன்தான் முன்னால் நின்றது. பாய்ந்து வந்து கொத்தியது. விலகியது. மறுபடி கொத்தியது. ஒரு கை ஏற்கெனவே போயிருந்தது. மீதிக் கையை அது தூக்கப் பார்த்தது. தூக்க வலு இல்லை.

அண்ணாச்சி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈர்க்குச்சியால் மீன்களை விரட்டினார். விரட்ட விரட்ட வந்தன. வாசலில் ஒருவன் சைக்கிள் கேட்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை. கடைசியில் கொட்டாங்கச்சியில் சிறு துளைகள் போட்டு, இறாலின் மேல் கவிழ்த்து, ஒரு கல்லை ஏற்றினார்.

அமலோற்பவம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"ஓடு இல்லாதவனை எல்லாருந்தான் கொத்துவாங்க. என் தம்பியைத் தெருவே 'உறங்கி'ன்னுதான் கூப்பிடுது. அவன் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துல 'உறங்கி மக்கா'ன்னு கூப்பிடுதாங்க. எந்தத் தோணிக்காரனும் ஏத்தல. உப்பளத்துல மூட்டை தூக்குதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கோயில்ல பாப்பேன். போகக் கூடாதுன்னு நீங்க அவன் வீட்டைத்தான் சொன்னிய. மாதா கோயிலைச் சொல்லல." அவள் கண்ணைத் துடைத்தாள். "அவன் இப்போ படுத்து உறங்குறதே இல்லியாம். சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் உறங்குதானாம், வேட்டி நுனியைக் கையில சுத்திக்கிட்டு. பொண்டாட்டி உருவப் பாத்தா, உறக்கத்துலயே இறுக்கிப் பிடிக்கானாம்."

அண்ணாச்சி டியூபுக்குக் காற்று அடிக்க எழுந்தார். டியூப் நிறைந்திருந்தது. ஆனாலும் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு நான்கு தெரு நடந்தார். மரியான் அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். அத்தானைக் கண்டதும் செம்பு கையிலேயே நின்றது.

"ஏலே மரியான். அன்னைக்கு உறங்கினியா இல்லியா?"

"உறங்கினேன் அத்தான்."

"வேற ஏதும் சொல்ல இருக்கா?"

"இல்ல. உறங்கினேன். அவ்வளவுதான்."

ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் அண்ணாச்சி திரும்பியிருப்பார். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"பவுலு கயிறை நீ பிடி."

மரியான் ஓரடி பின்வாங்கினான். "என் கையில கொடுக்காதிய அத்தான். வேற நல்ல ஆளாப் பாருங்க. இந்த ஊர்ல உறங்காதவன் எத்தனை பேர் இருக்கான்."

"அவனுவளுக்குப் பயம் கிடையாதுலே. உறங்கினா என்ன ஆகும்னு அவனுவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்." அண்ணாச்சி சாய்த்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. அது வரும்போது வரட்டும். என் மகன் கயிறை நீ பிடி."

செம்பிலிருந்த தண்ணீர் மரியானின் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை அறியவில்லை.

பருவத்தின் முதல் நாள், தோணிகள் போன பிறகு, அண்ணாச்சி செய்த வேலை எல்லாம் தப்பாகப் போயிற்று. பஞ்சர் ஒட்டிய இடத்திலேயே காற்று போனது. முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் மாட்டப் பார்த்தார். ராமர் வந்து எதிரே உட்கார்ந்தார். அமலோற்பவம் காலையிலேயே மாதா கோயிலுக்குப் போனவள் திரும்பவில்லை.

கொட்டாங்கச்சியை எடுத்துச் சில நாட்கள் ஆகியிருந்தன. இறால் ஓடு இறுகி, பட்டைகள் பளிச்சென்று, பழைய இடத்தில் நின்றது. விரிப்பதற்கு ஒரு கைதான். மற்றது அடுத்தடுத்துச் சட்டை கழற்றும்போது வளர்ந்து வருமாம். மஞ்சள் பட்டை மீன் மறுபடி தூரத்தில் நீந்தியது.

வெயில் தாழ்ந்த வேளையில் சந்தின் முனையில் மூன்று உருவங்கள் தெரிந்தன. பவுல் முன்னால், ஈரத் தலையோடு, சிரித்துக்கொண்டு. பின்னால் அமலோற்பவம். அவளுக்கும் பின்னால், வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட மரியான்.

"யப்பா, மாமாட்ட சொல்லுங்க. நான் தோணியில உக்காந்து கஞ்சி குடிக்கேன், அப்பவும் கயிறை விட மாட்டேங்காரு. எல்லாரும் சிரிக்காங்க."

அமலோற்பவம் தம்பியின் கையைப் பிடித்து விரித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கயிற்றின் தடம், தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் அந்தக் கைகளைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழுததை யாரும் தடுக்கவில்லை. ராமர் மெல்ல எழுந்து லாரியைப் பார்க்கப் போனார்.

மரியான் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். தொட்டியைப் பார்த்தான். அவன் இந்த வாசலை மிதிக்காத ஆறேழு வருஷத்தில் வந்த பொருள் அது. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டான்.

"இது மீனைத் திங்காதா அத்தான்?"

"திங்கும். அதுக்கு முன்ன நாம தீனி போடணும். போட்டாலும் ஒருநாள் திங்கும்."

"பிறகு எதுக்கு வச்சிருக்கிய?"

அண்ணாச்சி லாரி டியூபை அமுக்கிப் பார்த்தார். மரியான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். அது அவருடைய இடது பக்கம். அவன் இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினான். உதடு அசைவதை மட்டும் கண்ட அண்ணாச்சி, கிரீஸ் படிந்த கையால் அந்த ஸ்டூலைத் தட்டினார்.

"அங்கன உக்காந்தா எனக்குக் கேக்காதுலே. இந்தப் பக்கம் வா."