கடைசியாகச் சொன்னவருக்கு மரம்

ஒரு மரத்தின் விவரத்தை மூன்று ஊர்க் கம்ப்யூட்டர்களில் வைக்கலாம் என்று எனக்கு முதலில் சொன்னது என் மூத்த மகள் வசந்தி. போன மாசியில், மலையில் புளி உலுக்க ஆரம்பித்த சமயம். எங்கள் புளிச் சங்கத்துக்காக ரூபி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு லைப்ரரி எழுதிக்கொண்டிருந்தாள். நாம் மரம், ஆள் என்று சொல்வதை எந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றி வைத்து, கேட்டால் மறுபடி மரமாகவே எடுத்துத் தருமாம். சங்கத்தில் மரங்களைப் பதிவது என் வேலை. எட்டாவதோடு நின்றவள் நான். என் மாதிரி சந்தேகப் பிராணிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்று எந்திரம்

மலைமேல் ஒன்று, சந்தவாசலில் ஒன்று, போளூரில் ஒன்று. மழையில் நெட் லைன் போனாலும் அங்கங்கே வேலை நடக்கும், லைன் வந்ததும் மூன்றும் பேசிச் சரிபார்த்துக்கொள்ளும் என்றாள். நாம் இல்லாத நேரத்தில் அப்படி என்ன பேசும்? தினமும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் அதைத் தொடுவேன். புளி நிறுக்கிற காசி அண்ணன் கேட்டார்: “சாமி கும்புடறியா, இல்ல இது மேல புகார் குடுக்கறியா தங்கச்சி?”

யார் மரம்?

முதலில் எழுதியதில், நிலம் யாருடையதோ மரமும் அவருடையது என்று காட்டியது. எங்கள் மலையில் நிலம் ஒருத்தருக்கு, மரம் இன்னொருத்தருக்கு இருக்கும். பங்காளிகள் ஆளுக்கொரு வருஷம் முறை வைத்தும் உலுக்குவார்கள். வசந்தி தலையில் அடித்துக்கொண்டு திருத்தினாள். அதற்குள் காசி அண்ணன் தன் மரத்துக்கு வேறொருவர் பேரைப் பார்த்துவிட்டார். “நட்டது எங்கப்பன். நெலத்துக்காரன் பேரு தான் வரும்னா, அவனே வந்து மரம் ஏறட்டும்.”

ராணியின் முறை

ராணி புருஷனை இழந்தவள், இரண்டு பெண்பிள்ளைகள். ஓடையோர மரம் அவளுக்கும் கொழுந்தன் சடையனுக்கும் பொது. இந்த வருஷம் அவள் முறை. அந்தப் புளியை வைத்துத்தான் பிள்ளைகளின் படிப்பு. அவள் பேரை நானேதான் பதிந்தேன். அன்று மழையில் லைன் போயிற்று. மறுநாள் லைன் வந்தபோது திரையில் சடையன் பேர்.

ராணி சண்டை போடவில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அக்கா, சடையன் உங்க வூட்டுக்காரருக்கும் பங்காளி தானே?”

இரண்டு பேர்

அன்றைக்கே வசந்தியிடம் சொன்னேன். அவள் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். லைன் இல்லாத நேரத்தில் சடையன் சந்தவாசலுக்குப் போய்த் தன் பேரைப் பதிந்திருக்கிறான். எந்திரங்கள் மறுபடி பேசிக்கொண்டபோது, பிந்திப் பதிந்ததை வைத்துக்கொண்டு முந்தியதைத் தள்ளிவிட்டன. “கடைசியா சொன்னது செல்லும்னு நான்தாம்மா எழுதி வச்சேன்” என்றாள்.

மாற்றினாள். ஒரே மரத்துக்கு இரண்டு இடத்தில் வேறு வேறு பேர் பதிந்தால் இரண்டையும் காட்டும்; ஆட்கள் வந்து பேசித் தீர்க்கும்வரை மரம் யார் பேரிலும் ஏறாது. சடையனைக் கூப்பிட்டுச் சங்கத்தார் முன்னால் திரையைக் காட்டினோம். போன வருஷம் உலுக்கியது யார் என்று காசி அண்ணன் கேட்டார். “நான்தான்” என்றான் சடையன். மரம் ராணிக்கே வந்தது.

போகிறபோது அவன் வசந்தியிடம் சொன்னான்: “ரெண்டு பேரையும் காட்டும்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் இன்னாத்துக்கு பஸ் ஏறி சந்தவாசல் போறேன்?”

ராணி இன்னமும் வாரம் தவறாமல் வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள், பார்க்கட்டும். நீங்களும் மரம் பதிய வந்தால், பதிந்த பேரை என்னை ஒருதரம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்க.