பிரீதர் குழாயில் நான் சொருகிய போல்ட்

என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சுருளிப்பட்டியிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்கு எங்கள் பழைய பெட்ரோல் காரில் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். விடியுமுன் கிளம்ப வேண்டும். ஒருமுறை பஸ்ஸில் திரும்பும்போது தலைசுற்றிப் படியில் விழுந்துவிட்டார். அதோடு பஸ் வேண்டாம் என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கத்திவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு இப்படியொரு டிரைவர் உத்தியோகம்.

போன வருஷம் காருக்குள் எண்ணெய்ப் புகை நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அந்த நாற்றத்தில் அவருக்குக் குமட்டும். சின்னமனூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை ஓரங்கட்டுவேன். பக்கத்துத் தோட்டத்தில் பம்ப்செட் ரிப்பேர் பார்ப்பவர் பானெட்டைத் திறந்து, இன்ஜினிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பிரீதர் குழாயை, அதாவது இன்ஜின் மூச்சுவிடும் குழாயைக் காட்டினார்.

"இங்கனதான் டீச்சர் புகை வருது. அடைச்சுவிட்டா நின்னுரும்."

குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி, கிளிப்பை இறுக்கினேன். நாற்றம் நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் இன்ஜினைச் சுற்றி ஆயில் கசிந்தது. ஆயில் பார்க்கும் கம்பி தானாக மேலே எழும்பி நிற்கும். அதை அமுக்கிவிட்டுக் கிளம்புவேன். கடைசியில் கம்பம் ஊரில் நான் வழக்கமாக வண்டியைக் காட்டும் மெக்கானிக், இன்ஜினை இறக்க வேண்டும், பத்து நாள் வண்டியை விட்டுப் போங்கள் என்றார்.

வீட்டில் சொன்னேன். "அப்ப பத்து நாள் போக வேணாம். விடு" என்றார் அவர், ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகாமல் விடுவதுபோல. வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். அடுத்தவன் வண்டியில் வாந்தியெடுக்க வரமாட்டேன் என்றார். பத்து நாள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிர் என்ன விளையாட்டா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

மறுநாள் காலை சின்னமனூரில் வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வயசானவர். போல்ட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"இதை யாரு சொருகுனாக?"

"நான்தாண்ணே."

சிரிக்கவில்லை. இன்ஜின் மேலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வால்வைப் பிடுங்கிக் காதோரம் ஆட்டினார். "நல்லதுன்னா கடகடன்னு சத்தம் கேக்கும். இது பேச்சில்ல." பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கும் புகையை இழுத்து, திரும்ப எரிய அனுப்புவது இந்த வால்வுதானாம். கறுப்புப் பிசின் அப்பி இது மூடிக்கொண்டதால்தான் புகை குழாய் வழியே வந்திருக்கிறது. நான் அதையும் அடைத்தேன். உள்ளே அழுத்தம் கூடி, சீல் வழியே ஆயிலைத் தள்ளிவிட்டது.

"மூக்கு ஏற்கெனவே அடைச்சிருந்துச்சு. நீங்க வாயையும் பொத்திட்டீக" என்றார்.

போல்ட்டை எடுத்துவிட்டுக் குழாயைப் பழையபடி மாட்டினார். புது வால்வை அதற்குரிய ரப்பர் ஹோஸில் செருகி, வண்டியை ஸ்டார்ட் செய்து, அதன் நுனியில் என் விரலை வைக்கச் சொன்னார். விரலை உள்ளே இழுத்தது. ஆயில் மாற்றும்போதெல்லாம் வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள் என்றார். அழுத்தம் குறைந்தால் கசிவும் நின்றுவிடுமாம், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. அரை மணி நேர வேலை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, "சரியாயிருச்சுங்க, நாளைக்குப் போகலாம்" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது.

"பத்து நாள் தப்பிச்சோம்னு நெனச்சேன்."

மறுபடியும் கத்த வாயெடுத்தேன். கத்த முடியவில்லை. கம்பத்துக்காரர் பத்து நாள் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, இனி கொஞ்ச நாள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம் என்பதுதான். அவர் ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அவர் என் தலைமாட்டிலிருந்த அலாரத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு, "ராத்திரி நீ நிம்மதியாத் தூங்கு. நாலு மணிக்கு நான் எழுப்புறேன்" என்றார்.