பதினெட்டு ஜன்னல்களின் பாக்கி

செய்து கொடுத்த வேலைக்குக் காசு கேட்பதில் எனக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது. கண்டி கட்டுக்கலையில் பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்துக் கர்ட்டன் தைத்துக் கொடுக்கிறேன். வெட்கப்பட்டிருந்தால் இரண்டாம் வருடமே மெஷினை விற்றிருப்பேன். ஆனால் கடுகண்ணாவையில் விடுதி நடத்தும் ஒருவரிடம் நானும் ஏமாந்தேன். அதுவும் மரியாதை பார்த்து ஏமாந்தேன். அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

பதினெட்டு ஜன்னல்களுக்குக் கர்ட்டன். துணி, வளையம், கூலி எல்லாம் என் கைக்காசு. முற்பணம் போக மிச்சத்துக்கு, ஒரு மாதம் தள்ளித் திகதி போட்டு செக் தந்தார். அந்தத் திகதிக்கு முதல் நாள் போன் வந்தது.

“அக்கா, நாளைக்குச் செக்கைப் போட்டுறாதீங்க. அக்கவுண்ட்ல காசு இல்ல. அடுத்த கிழமை பார்ப்போம்.”

எங்கள் வியாபாரத்தில் இது நடப்பதுதான். போட வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்ட பிறகும் செக்கைப் போட்டு, அது திரும்பி வந்தால், மனிதரை நடுரோட்டில் நிறுத்தி அவமானப்படுத்தியதாக அர்த்தம். அதற்குப் பிறகு அவர் வாசலை மிதிக்க முடியாது. ஆகவே பொறுத்தேன். அடுத்த கிழமையும் போன் வந்தது, அடுத்த மாதமும் வந்தது. போகப் போக அவர் குரலில் தேன் ஒழுகியது.

என்னிடம் தைக்கும் பெண் கம்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அந்தப் பதினெட்டில் பதினான்கு அவள் தைத்தவை. பாதிக் கூலிதான் கொடுத்திருந்தேன். செக் காசாக மாறியதும் மீதி என்று சொல்லியிருந்தேன். மகளுக்கு டியூஷன் கிளாஸ் காசு கட்ட வேண்டும் என்று ஒரு தரம் கேட்டாள். “அடுத்த கிழமை தந்துர்றேன்மா” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். நல்ல பெண், நிலைமை புரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு காலையில் யாருக்கும் சொல்லாமல் செக்கை வங்கிக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை திகதியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஆறு மாதம் தாண்டிட்டுது மிஸ். இனி இது செல்லாது. புதுசா ஒண்டு எழுதி வாங்குங்கோ.”

எனக்கு உச்சந்தலை வரை பற்றியெரிந்தது. அவர் மானம் போகக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்த தாள் அது. வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடுகண்ணாவை பஸ்ஸைப் பிடித்தேன்.

விடுதி ஹாலில் அப்போதுதான் வந்திறங்கிய ஒரு குடும்பம் பெட்டிகளோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“அடடே அக்கா, ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே!”

“நீங்க எதுக்கு அலையணும்? கர்ட்டனைக் கழட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தேன்.”

கதிரை ஒன்றை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டு ஏறினேன். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி வேறு. கதிரை ஆடியது, நான் இறங்கவில்லை. முதல் கர்ட்டனைக் கம்பியிலிருந்து உருவி, ஒழுங்காக மடித்து மேசையில் வைத்தேன். வெயில் நேராகத் தேநீர் குடித்தவர்களின் முகத்தில் விழுந்தது.

“அக்கா, ஆளுங்க இருக்காங்க. கொஞ்சம் மெதுவா...”

“மெதுவாத்தான் கழட்டுறேன். கிழிஞ்சா நட்டம் எனக்குத்தானே.”

இரண்டாவதையும் உருவினேன். பெட்டிக்காரக் குடும்பத்து அம்மா, “எங்க ரூம்லயும் கர்ட்டன் இருக்காதா?” என்று கேட்டார். முதலாளி அவசரமாகப் போனை எடுத்தார். அக்கவுண்டில் காசு இல்லாத மனிதர்! மூன்றாவது ஜன்னலுக்கு நான் கதிரையை நகர்த்துவதற்குள் முழுப் பணமும் என் கணக்குக்கு வந்துவிட்டது. சரிபார்த்த பிறகு இரண்டு கர்ட்டன்களையும் நானே திரும்ப மாட்டி, மடிப்பையும் சரிசெய்து கொடுத்தேன். காசு வாங்கிய வேலை கோணலாகத் தொங்கக் கூடாது.

பேராதனை வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கண்டியில் இறங்கிப் பணம் எடுத்து, அந்தப் பெண்ணின் மீதிக் கூலியைக் கவரில் போட்டேன். கடைக்குப் போய் நடந்ததை எல்லாம் நடித்தே காட்டினேன். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். கவரை வாங்கி, எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, ஒண்ணாந்திகதியிலருந்து நான் கார்மெண்ட் பெக்டரிக்கு வேலைக்குப் போறேன். அங்க சொன்ன திகதிக்குச் சம்பளம் பேங்குல விழுந்துருமாம்.”

“அதான் காசு வந்துருச்சே, இப்ப எதுக்குப் போற?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

“உங்க மேல கோவம் இல்லக்கா. உங்களுக்குப் போய் நின்னு கேக்கத் தெரியுது. எனக்கு உங்ககிட்ட ரெண்டாவது தடவை கேக்கவே வாய் வரல.”